உள்ளே மட்டும் வந்த கால்

அத்தியாயம் ஒன்பது

பின்வாசல் படியிலிருந்து அம்மன் படம் வரைக்கும் ஐந்து தடங்கள். கனகம் மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான்.

ஒவ்வொன்றும் பிறை போல வளைந்த ஒரு கீற்று. கீற்றுக்குத் தலைமாட்டில் ஒரு பொட்டு. பழுப்பேறிய சிவப்பில், சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையில், மூன்றடிக்கு ஒன்றாக அளந்து வைத்த மாதிரி வந்து, படத்துக்கு முன்னால் நின்றுவிட்டன.

உள்ளே வந்த தடம் இருந்தது. வெளியே போன தடம் இல்லை.

ஏழு நாளாக, அதாவது அவள் கணவன் தசரதன் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, தினமும் காலையில் இப்படித்தான். துடைத்தால் மறுநாள் மறுபடி வரும். முதல் நாள் பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் தன் பாதங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தசரதனிடம், காலில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். அவன் நின்று யோசித்துவிட்டு, எங்கேயும் வலிக்கவில்லையே என்றான். வலி இல்லையென்றால் காயமும் இல்லை. அவனை அதோடு விட்டுவிட்டாள். நாமும் அப்படித்தான் விட்டிருப்போம்.

பக்கத்து வீட்டு மீனம்மாளுக்கு மட்டும் இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

"அம்மா வந்துகினு கீறா. போவ மாட்டா," என்று சொல்லி, ஒவ்வொரு பிறைக்கும் பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் சொன்னதில் கனகத்துக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பட்டப்பகலில், தன் வீட்டு அடுப்படியில் நின்று அரிசி களையும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடாமல் நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் தரை. ஐந்து பிறைகள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தீமிதி நாள்.

பென்னலூரில் வழக்கமாக வைகாசியில் நடக்கிற திருவிழா இது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்தப் பயங்கரத்துக்குப் பிறகு சுற்று வட்டாரமே வாயடைத்துப் போயிருந்தது. கூட்டம் கூடவே ஜனங்கள் அஞ்சினார்கள். ஆடி பிறந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது, அதுவும் இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தசரதன் டிரங்க் ரோட்டில் பம்பு பாகங்கள் கடைகிற ஒரு பட்டறையில் பத்தொன்பது வருஷமாக லேத் ஆபரேட்டர். போன வருஷத் தீமிதியில் அவன் செய்ததை ஊர் இன்னும் பேசுகிறது. எல்லோரும் குண்டத்தை ஓடிக் கடந்தார்கள். அவன் நடுவில் நின்றான். நின்று, அம்மனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, சாவகாசமாக நடந்து வெளியே வந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் பாதம் தோல் உரிந்துகொண்டே இருந்ததைக் கனகம் மட்டும் அறிவாள். அதையும் பிரசாதம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் முதல் ஆளாக இறங்கும் உரிமையை ஊர் அவனுக்குக் கொடுத்தது. தம்பி சுப்பிரமணிக்கும் அந்த ஆசை இருந்தது. மறைமலை நகரில் வேலை செய்கிற சுப்பிரமணி, அடுத்த போர்ஷனில்தான் குடியிருக்கிறான். அவனும் காப்புக் கட்டியவன். யார் முதலில் இறங்குவது என்று நாலு நாள் முன்பு கோயில் வாசலில் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது. அதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தோளில் ரெக்ஸின் பை, கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. போன மாதம் பட்டறையில் சர்க்கரை வியாதிக்கு முகாம் போட்டார்களே, அதில் பரிசோதனை செய்தவள் தான்தான், பெயர் ஷெர்லின் என்றாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். பூந்தமல்லி பஸ்ஸில் வந்து இறங்கி, வீடு விசாரித்து வந்திருந்தாள்.

"தசரதன் சார் வூடு இதானேக்கா? சீட்டு குடுத்தோம். மூணு வாரமா ஆஸ்பத்திரிக்கு வரவே இல்ல."

கனகம் சீட்டை எடுத்து வந்தாள். அது அம்மன் படத்துக்கு அடியில், விபூதித் தட்டில் இருந்தது. நடுவில் குங்குமம் வைத்திருந்தது. 

நடந்தது இதுதான். முகாமில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் வைத்து, எல்லாவற்றிலும் நீல நிற மருந்தை ஊற்றி, ஒவ்வொருவரின் சிறுநீரிலிருந்தும் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்கினார்கள். பலருடையது நீலமாகவே இருந்தது. இரண்டு பேருக்குப் பச்சை. தசரதனுடையது மட்டும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செக்கச்செவேல் என்று நின்றது. சீட்டில் நாலு கூட்டல் குறி வேறு. பட்டறையே கைதட்டியது. உனக்குத்தான்யா ரத்தம் சுத்தம் என்றார்கள். ஷெர்லின் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விளக்குவதற்குள் ஷிப்டு மணி அடித்துவிட்டது. தசரதன் வீட்டுக்கு வந்து, நீலத் தண்ணியை அம்மா குங்குமமாக்கிக் காட்டினாள் என்று கனகத்திடம் சொன்னான். அடுத்த வாரமே காப்புக்குப் பெயர் கொடுத்தான்.

ஷெர்லின் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று நினைக்கிறவள் அவள். குழாயில் நீல மருந்தை ஊற்றினாள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து, அதில் எட்டுச் சொட்டு விட்டாள். இரண்டு நிமிஷம் கொதித்தது. நீலம் மறைந்து செங்கல் நிறம் வந்தது.

கனகம் ஓரடி பின்னால் போனாள். தரையில் கிடந்த பிறைகளின் அதே சிவப்பு.

"இதுல ரத்தமே இல்லக்கா. இந்த நீலம் செம்புல இருந்து வர்றது. சர்க்கரை கலந்து சூடு பண்ணா அந்தச் செம்பு செவப்புப் பொடியா அடியில தங்கிடும். எவ்ளோ சர்க்கரையோ அவ்ளோ செவப்பு. நாலு கூட்டல்னா அதுக்கு மேல கூட்டல் போட எடம் இல்லன்னு அர்த்தம்."

பிறகு அவள் கேள்வி கேட்டாள். தண்ணீர் நிறையக் குடிக்கிறாரா? குடிக்கிறார், ராத்திரிக்கே ஒரு குடம். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாரா? போகிறார். இளைத்திருக்கிறாரா? பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். விரதம் என்று நினைத்தோம். எத்தனை வருஷமாக இப்படி? கனகம் யோசித்தாள். மூன்று, நாலு வருஷம் இருக்கும்.

கால் எப்படி என்று கேட்டாள் ஷெர்லின். எங்கேயும் வலிக்கவில்லை என்கிறார் என்றாள் கனகம்.

உடம்பில் ஓடுகிற நரம்புகளை டெலிபோன் கம்பி மாதிரி நினைத்துக்கொள்ளலாம் என்றாள். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் மிதமிஞ்சி நின்றால் அந்தக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். எது நீளமான கம்பியோ அது முதலில் போகும். உடம்பிலேயே நீளமான கம்பி பாதத்துக்குப் போவது. அதனால் முதலில் பேச்சை நிறுத்துவது பாதம். முள் குத்தும், நெருப்புச் சுடும். செய்தி மேலே வந்து சேராது. கால் இருக்கும், நடக்கும். எதையும் சொல்லாது.

"மாத்திரை கீது, சாப்பாட்டு முறை கீது, தெனம் நடக்கணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா கம்பி கெடாமயே காப்பாத்தலாம். அப்புறம் அக்கா, இது குடும்பத்துல வர்றது. கூடப் பொறந்தவங்க எல்லாரும் பாத்துக்கணும்."

கடைசியாகச் சொன்னதைக் கனகம் காதில் வாங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து பின்வாசலுக்குப் போனாள். காப்புக் கட்டியவன் வீட்டுக்குள் வரும்போது என்ன செய்வான்? படியில் காலைக் கழுவுவான். ஈரக் காலோடு உள்ளே வருவான். காய்ந்துபோன காயம் ஈரத்தில் ஊறி இளகும். இளகினால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முத்திரை. தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் காய்ந்து மறைந்துவிடும். முத்திரை நிற்கும். படத்துக்கு முன்னால் நின்று கற்பூரம் ஏற்றி, கும்பிட்டு முடிப்பதற்குள் கால் உலர்ந்துவிடும். உலர்ந்த கால் தடம் வைக்காது.

உள்ளே வந்த கால், வெளியே போன கால், இரண்டும் ஒன்றுதான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற அந்த உணர்வு அப்போது போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இன்னும் சில மணி நேரத்தில் அந்தக் கால் நெருப்பில் இறங்கப் போகிறது. நடுவில் நிற்கப் போகிறது.

கோயில் திடலுக்கு இருவரும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குண்டத்தில் வேலங்கட்டைகள் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன. அத்தனை ஜனம் இருந்தும் சத்தம் இல்லை. தணலுக்கு மேல் காற்று நெளிந்தது. அதன் வழியே பார்த்தபோது எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் இடுப்புக்குக் கீழே கால்களே இல்லாத மாதிரி இருந்தது.

காப்புக் கட்டியவர்கள் தனிப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலைச் சுற்றி மஞ்சள் கயிறு. யாரும் அவர்களைத் தொடக் கூடாது. பெண்டாட்டி தொடவே கூடாது. ஷெர்லின் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள். கனகம் கயிற்றோரம் போய் நின்று, எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

தசரதன் சிரித்தான். வருகிற வழியில் மீனம்மாள் வேறு மாதிரி அல்லவா சொன்னாள் என்றான்.

"காலைத் தூக்கிப் பாருங்க," என்றாள் கனகம்.

அவன் முட்டியை மடக்கிப் பார்த்தான். பத்தொன்பது வருஷம் நின்றே வேலை செய்த முட்டி. ஓரளவுக்கு மேல் மடங்கவில்லை. பக்கவாட்டுதான் தெரிந்தது, அடிப்பாதம் தெரியவில்லை. ஒன்றும் இல்லையே என்றான். கனகம் தொட்டுத் திருப்ப முடியாது. மற்றவர்களும் முடியாது. அவனுக்கு எதிரே நாலடி தூரத்தில் அவள் நின்றாள். அந்த நாலடியைக் கடக்க வழி தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் தன் வேலையைப் பற்றி அவன் விடிய விடியப் பேசியவன்.

"ஏங்க, மெஷின்ல மாட்டுன இரும்பு ஜாபு. கழட்டக் கூடாது, திருப்பக் கூடாது. அடிப்பக்கம் சரியா கீதான்னு எப்டிப் பாப்பீங்க?"

"கீழ கண்ணாடி வெச்சிப் பாப்போம்," என்றான் தசரதன். பழக்கத்தில் வாய் பதில் சொல்லிவிட்டது. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

பூக்கடைக்காரியிடம் தகரச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. கனகம் அதை வாங்கி வந்து, கயிற்றுக்கு அடியில் தரையோடு தள்ளினாள். தசரதன் எழுந்து, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது பாதத்தைக் கண்ணாடிக்கு மேல் தூக்கினான், அதில் ஒன்றும் இல்லை; பிறகு இடது பாதத்தைத் தூக்கினான்.

கட்டை விரலுக்கு அடியில், மேட்டில், வெள்ளையாக ஊறிப்போன தோல். அதன் நடுவே பிறை வடிவத்தில் ஒரு பிளவு, தலைமாட்டில் ஒரு துளை. பிளவுக்குள் ஏதோ வெயிலில் பளிச்சென்று மின்னியது.

அவனுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. தினமும் அவன் லேத்திலிருந்து சுருண்டு விழுகிற இரும்புச் சீவல். தேய்ந்த ஷூவைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். காப்புக் கட்டி ஏழு நாள்; அதற்கு முன்னால் எத்தனை நாளோ. விரல் நுனி அளவு இரும்பைச் சதைக்குள் வைத்துக்கொண்டு அவன் நடந்திருக்கிறான், நின்றிருக்கிறான், தூங்கியிருக்கிறான்.

அவன் காலை இறக்கி, தரையில் மெதுவாக ஊன்றி அழுத்தினான். இன்னொரு தரம் அழுத்தினான். கனகம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் வலி வரவில்லை. வலி வராதது அவன் முகத்தைப் பயத்தால் வெளுக்க வைத்தது.

"அப்போ போன வருசம்?" என்றான்.

கனகம் கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் நின்னனே. அவதான் என்னை நிக்க வெச்சான்னு நெனச்சேன்."

"இன்னிக்கும் அவதான் நிறுத்துறான்னு நெனச்சிக்கோங்க," என்றாள் கனகம். "கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டா. அவ்ளோதான்."

சீவலைப் பிடுங்கப் போனவனை ஷெர்லின் மரத்தடியிலிருந்தே தடுத்தாள்; ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும், அதுவரை சுத்தமான துணியால் கட்டி வைக்க வேண்டும். பூசாரி வந்து பார்த்தார். இரும்பு ஏறிய காலோடு குண்டத்தில் இறக்க மாட்டேன் என்றார். காப்பு அவிழ்க்க வேண்டாம்; குண்டம் தாண்டி வருகிறவர்கள் கால் வைக்கிற பால் குழிக்குப் பக்கத்தில் தசரதன் உட்கார்ந்து பால் ஊற்றட்டும், நேர்த்திக்கடன் அதோடு தீர்ந்தது என்றார்.

முதல் ஆள் யார் என்று கேட்டார்கள்.

தசரதன் பந்தலின் மறுமூலையைப் பார்த்தான். நாலு நாளாகப் பேசாத தம்பியிடம், "நீ எறங்குடா" என்றான். சுப்பிரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வீட்டு அம்மன் படத்தைக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ஓடினான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

ஐந்து மணிக்குக் கோவிந்தா என்ற குரல் திடலைக் கிழித்தது.

சுப்பிரமணி இறங்கினான். கனகம் பால் குழிக்கு நேராக நின்றிருந்தாள். அவன் ஓடி வருவான் என்று எதிர்பார்த்தாள். ஓடவில்லை. நடந்தான். குண்டத்தின் நடுவில், போன வருஷம் அண்ணன் நின்ற அதே இடத்தில், நின்று கைகூப்பினான். ஜனம் ஆர்ப்பரித்தது. மீனம்மாளுக்கு அருள் வந்துவிட்டது.

கனகம் அவன் பாதங்களையே பார்த்தாள்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் பாலில் கால் பட்டதும் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார்கள். பால் ஊற்றிய தசரதனும் அதைக் கேட்டிருப்பான். சுப்பிரமணி மூச்சை இழுக்கவில்லை. சிரித்துக்கொண்டே பாலில் நின்றான். பிறகு சொம்புத் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னொன்று.

கூடப் பொறந்தவங்க எல்லாரும் பாத்துக்கணும் என்று ஷெர்லின் சொன்ன, காதில் விழாமல் போன அந்தக் கடைசி வார்த்தைகள் இப்போது கனகத்துக்குக் கேட்டன.

அவள் பூக்கடைக்காரியின் கண்ணாடியோடு வீட்டுக்கு நடந்தாள். நடை ஓட்டமாகியது. பின்வாசலைத் திறந்தாள். சாய்ந்த வெயில் தரை முழுக்க நீளமாகக் கிடந்தது. காலையில் பார்த்த ஐந்து பிறைகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், காலையில் இல்லாத புதுத் தடங்கள் இருந்தன. அவை பிறைகள் அல்ல. நெல்மணி போல நீளமான கீற்றுகள், குதிகால் வெடிப்பிலிருந்து வந்தவை. தசரதனின் குதிகால்களை அவள் கண்ணாடியில் பார்த்திருந்தாள். அவற்றில் வெடிப்பு இல்லை. தவிர, அவன் விடியற்காலைக்குப் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை.

இதுவும் உள்ளே மட்டும் வந்திருந்தது.

கொல்லையில் பேச்சுக் குரல். சுப்பிரமணி மாலையும் கழுத்துமாக வந்து, படியில் நின்று, பானையிலிருந்து மொண்டு காலில் ஊற்றிக்கொண்டான். உள்ளே வரக் காலை எடுத்தான். கனகம் வாசலை மறித்து நின்றாள்.

"தம்பி, அங்கியே நில்லு."

"இன்னா அண்ணி, கண்ணாடியோட? எனக்கு எங்கியும் வலிக்கல. அண்ணன் மாதிரியெல்லாம் இல்ல."

"வலிக்கலன்னுதான் பாக்கச் சொல்றேன்."

அவள் குனிந்து கண்ணாடியைப் படியில் வைத்தாள்.

பாதத்தைப் பார்க்கிற வேலை சுலபமானதுதான். காலைக் கழுவி, துணியால் விரல் இடுக்கு வரை ஒற்றி எடுக்க வேண்டும். வெளிச்சம் விழுகிற இடத்தில் கண்ணாடியை மல்லாக்க வைக்க வேண்டும். எதையாவது பிடித்துக்கொண்டு, பாதத்தை அதற்கு ஒரு சாண் மேலே தூக்க வேண்டும். குதிகால், உள்ளங்கால், விரல் மேடு, விரல் இடுக்கு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு மறு கால். தினமும் ஒரு தரம், வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.